பைன்வுட் டெர்பி வண்டிக்கு இழுப்பு வைப்பது எப்படி: ஆணி முதல் ஓடுதளம் வரை

எங்கள் முதல் வண்டி வீட்டுத் தரையில் நூல் பிடித்த மாதிரி நேராக ஓடியது. மகள் அதைக் கூடத்தின் இந்தக் கோடியிலிருந்து அந்தக் கோடிக்கு இருபது தடவையாவது உருட்டிப் பார்த்திருப்பாள். போட்டியன்று ஓடுதளத்தில் விட்டோம். சரிவு முடிந்த இடத்திலிருந்து டக், டக், டக் என்று ஒரு சத்தம். தடத்தின் நடுவில் மேலெழுந்து நிற்கும் பட்டையின் இந்தப் பக்கமும் அந்தப் பக்கமும் முட்டிக்கொண்டே போய், நான்கு வண்டிகளில் மூன்றாவதாக வந்தது. "அம்மா, நம்ம வண்டி நேராத்தானே ஓடுச்சு?" என்று அவள் கேட்டபோது என்னிடம் பதில் இல்லை.

இப்போது இருக்கிறது. நேராக ஓடும்படி வைத்ததுதான் தப்பு. இந்த வண்டி ஒரு பக்கம் லேசாக இழுக்க வேண்டும். எந்தப் பக்கம், எவ்வளவு என்பதை நாம் முடிவு செய்து வைக்க வேண்டும். அதை எப்படிச் செய்வது என்று ஆணியிலிருந்து தொடங்கி எழுதுகிறேன்.

இந்த விளையாட்டைத் தெரியாதவர்களுக்கு ஒரு பத்தி மட்டும். அமெரிக்காவில் கப் ஸ்கவுட் (சாரணர் இயக்கத்தின் சிறுவர் பிரிவு) பிள்ளைகள் ஒரு பைன் மரக்கட்டை, நான்கு ஆணி, நான்கு பிளாஸ்டிக் சக்கரம் ஆகியவற்றை வைத்து உள்ளங்கை அளவில் ஒரு வண்டி செய்து சரிவில் விடுவார்கள். மோட்டார் கிடையாது, புவியீர்ப்பு மட்டும்தான். 1953இல் கலிஃபோர்னியாவின் மன்ஹாட்டன் பீச் ஊரில் டான் மர்ஃபி என்ற கப் ஸ்கவுட் தலைவர் இதைத் தொடங்கினார். பிள்ளைகள் மோட்டார் இல்லாத வண்டியில் உட்கார்ந்து சரிவில் இறங்கும் சோப் பாக்ஸ் டெர்பி போட்டியில் சேர அவருடைய மகனுக்கு வயது போதவில்லை, அதற்கு மாற்றாக யோசித்தது இது. அவர் வேலை பார்த்த நார்த் அமெரிக்கன் ஏவியேஷன் நிறுவனத்தின் மேலாளர் சங்கம் அந்த முதல் போட்டிக்குப் பண உதவி செய்தது. எடை 5 அவுன்ஸ், அதாவது 141.7 கிராமைத் தாண்டக் கூடாது. நீளம் 7 அங்குலம், அகலம் 2¾ அங்குலம். இந்த வரம்புகள்தான் பெரும்பாலான இடங்களில் இன்றும் நடப்பில் உள்ளன.

ஏன் நேராக ஓடக் கூடாது?

ஓடுதளத்தில் ஒவ்வொரு தடத்தின் நடுவிலும் ஒரு பட்டை மேலெழுந்து நிற்கும். அகலம் 1⅝ அங்குலம், உயரம் கால் அங்குலம். வண்டி அந்தப் பட்டையைக் கால்களுக்கு நடுவே விட்டுக்கொண்டு ஓடும். இடது, வலது சக்கரங்களுக்கு இடையே உள்ள இடைவெளி 1¾ அங்குலம். ஆக மீதி இருப்பது ⅛ அங்குலம், ஏறத்தாழ 3 மில்லிமீட்டர். இதோடு சக்கரம் ஆணியில் உள்ளேயும் வெளியேயும் நகரும் இடமும் சேரும். 3 மில்லிமீட்டர் என்பது கேட்க அற்பமாக இருக்கும். ஆனால் முப்பது, நாற்பது அடி நீளம் ஓடும் வண்டி அத்தனை நேரமும் அந்த 3 மில்லிமீட்டருக்குள் எந்தப் பக்கமும் சாயாமல் நிற்காது. எங்கோ ஒரு பக்கம் இடிக்கும். இடித்ததும் எதிர்ப்பக்கம் திரும்பும். அங்கே போய் இடிக்கும். ஒவ்வொரு இடியும் வேகத்தைக் கொஞ்சம் தின்னும். வால் ஆடத் தொடங்கினால் பின்சக்கரங்களும் பட்டையில் உரசும். பின்பக்கத்தில்தான் எடையின் பெரும்பகுதி இருக்கிறது, அதனால் அந்த உரசல்தான் எல்லாவற்றிலும் மோசம்.

எந்த உராய்வும் இல்லாமல் 4 அடி உயரத்திலிருந்து இறங்கினாலும் வேகம் மணிக்கு 17, 18 கிலோமீட்டர் அளவில்தான் இருக்கும். அந்த வேகத்தை எல்லா வண்டிகளுக்கும் புவியீர்ப்பு ஒரே மாதிரிதான் கொடுக்கிறது. யார் குறைவாக இழக்கிறார்கள் என்பதுதான் போட்டி. முழு ஓட்டமும் 3 வினாடியை ஒட்டி முடிந்துவிடும், வெற்றி தோல்வி நூறில் ஒரு பங்கு வினாடியில் தீர்மானமாகும்.

இதற்கு வேகக்காரர்கள் கண்ட வழியை ரெயில் ரைடர் என்பார்கள். முன்சக்கரங்களில் ஒன்றைத் தரையில் படாமல் தூக்கிவிடுவார்கள். மற்றொரு முன்சக்கரம் வண்டியைப் பட்டையை நோக்கி மெதுவாக இழுக்கும். அந்த ஒரு சக்கரத்தின் உள்விளிம்பு பட்டையில் சாய்ந்தபடியே முடிவுக் கோடு வரை போகும். பின்சக்கரங்கள் இரண்டும் பட்டையைத் தொடவே தொடாது. ஒரு இடத்தில் தொடர்ந்து வரும் மெல்லிய உரசலை ஏற்றுக்கொண்டு பத்து இடிகளைத் தவிர்க்கிறோம். தூக்கிய சக்கரத்தில் இன்னொரு லாபமும் உண்டு. அது தரையில் படாததால் அதைச் சுழற்றச் சக்தி செலவாகாது. சக்கரத்தின் எடையை வைத்துக் கணக்குப் போட்டால் இது மொத்தச் சக்தியில் சுமார் ஒரு சதவீதம் வரும்.

பட்டையில் சாயும் அந்த முன்சக்கரத்தை இங்கே இழுக்கும் சக்கரம் என்றே சொல்கிறேன். கார் ஒரு பக்கம் இழுக்கிறது என்று மெக்கானிக்கிடம் புகார் சொல்வோமே, அதே இழுப்புதான். இங்கே அதை வேண்டுமென்றே வைக்கிறோம்.

தொடங்கும் முன் விதிகளைப் படியுங்கள்

ஒவ்வொரு பேக்குக்கும், அதாவது கப் ஸ்கவுட் குழுவுக்கும், உள்ளூர் விதிகள் தனி. சிலர் ஆணியை வளைக்கக் கூடாது என்பார்கள். சிலர் நான்கு சக்கரமும் தரையைத் தொட வேண்டும் என்பார்கள். சிலர் கட்டையில் ஆணி செருக ஏற்கெனவே வெட்டியிருக்கும் காடிகளைத்தான் பயன்படுத்த வேண்டும் என்பார்கள். நான்கும் தொட வேண்டும் என்ற இடத்தில் சக்கரத்தைத் தூக்காதீர்கள். தரையை லேசாகத் தொட்டு, எடை ஏதும் தாங்காமல் இருக்கும்படி வைத்தால் இழுப்பின் பலன் பெரும்பாலும் கிடைத்துவிடும். விதியை மீறி ஒரு பிள்ளையின் வண்டி எடைபோடும் மேசையிலேயே திரும்பி வருவதைப் பார்த்திருக்கிறேன். அந்த முகத்தை மறக்க முடியவில்லை. சந்தேகம் இருந்தால் முன்கூட்டியே கேட்டுவிடுங்கள்.

ஆணியைத் தயார் செய்தல்

பெட்டியில் வரும் ஆணிகள் சாதாரண ஆணி மாதிரிதான் இருக்கும். தலைக்கு அடியில் பிசிறு, தண்டில் அச்சு பிடித்த தழும்பு. ஆணியின் கூர்ப்பக்கத்தை ட்ரில் மிஷினில் பிடித்துச் சுழலவிட்டு, முதலில் சிறிய அரத்தால் தலையின் அடிப்பக்கத்தைச் சரிவாக இழைத்துப் பிசிறை எடுங்கள். அப்புறம் ஈரமான உப்புத்தாளில் 400, 600, 1000, 2000 என்று ஏறிக்கொண்டே போங்கள். ஒவ்வொரு தாளுக்கும் அரை நிமிடம் போதும். கடைசியில் உலோக மெருகுப் பசை தடவிய துணி. முகம் தெரிகிற அளவுக்குப் பளபளக்கும். பிள்ளைகளுக்கு மிகவும் பிடித்த வேலை இது. பாதுகாப்புக் கண்ணாடி மாட்டிவிட்டு அவர்கள் கையிலேயே கொடுங்கள்.

மெருகு போடும் முன்பே செய்ய வேண்டிய ஒன்று இருக்கிறது. ஆணித் தலையின் குறுக்கே ஹாக்சா பிளேடால் ஒரு கீறல் போடுங்கள், ஸ்க்ரூ தலையில் இருப்பது போல. பிறகு ஆணி மரத்துக்குள் இருக்கும்போதே சின்ன ஸ்க்ரூடிரைவரால் அதைத் திருப்ப முடியும். இந்தக் கட்டுரையின் மீதி முழுதும் அந்தக் கீறலை நம்பித்தான் இருக்கிறது.

அடுத்து வளைப்பது. நான்கு ஆணியையும் லேசாக வளைக்கிறோம். பின்சக்கர ஆணிகள் இரண்டரை முதல் 3 டிகிரி, இழுக்கும் சக்கரத்தின் ஆணி 2 டிகிரி அளவு. வளைவு மரத்துக்குள் போகும் பகுதியின் தொடக்கத்தில் வர வேண்டும், சக்கரம் சுழலும் பகுதி நேராகவே இருக்க வேண்டும். இதற்கென்றே கருவி விற்கிறது. இல்லையென்றால் கூர்ப்பக்கத்தை வைஸில் இறுக்கி, மெருகிட்ட பகுதியின்மேல் ஒரு மரத்துண்டை வைத்து, அதன்மேல் சுத்தியலால் ஒரு தட்டு. நேரடியாகத் தட்டினால் மெருகு போச்சு. வளைவு கீறலின் திசையிலேயே வரட்டும். தலை எந்தப் பக்கம் சாய்கிறதோ அந்தக் கீறல் முனையில் ஒரு புள்ளி நெயில் பாலிஷ் வையுங்கள். இனி அந்தப் புள்ளியைக் கடிகார முள் மாதிரி படிக்கலாம். புள்ளி 12 மணியில் இருந்தால் தலை மேல்நோக்கிச் சாய்ந்திருக்கிறது, 6 மணியில் இருந்தால் கீழ்நோக்கி.

எடையை முடித்துவிட்டு வாருங்கள்

இழுப்பை வைத்த பிறகு எடையை மாற்றினால் இழுப்பும் மாறிவிடும். அதனால் பெயின்ட், எடை எல்லாம் முடிந்து, தராசில் 141.7 கிராமுக்கு ஒரு மயிரிழை கீழே நிற்கும் வண்டியில்தான் இந்த வேலையைத் தொடங்க வேண்டும்.

எடை பின்பக்கம் இருந்தால் சரிவின் உயரத்தில் கூடுதல் தூரம் கிடைக்கும். அதனால் எல்லோரும் பின்னால் தள்ளுவார்கள். ஆனால் ரொம்பத் தள்ளினால் முன்பக்கம் இலேசாகி, சரிவு சமதளமாக மாறும் வளைவில் முன்சக்கரம் துள்ளும். துள்ளிய நொடியில் பட்டையை விட்டுவிடும். எவ்வளவு என்று தெரிந்துகொள்ள சமையலறை டிஜிட்டல் தராசே போதும். முன்சக்கரத்தைத் தராசின்மேலும் பின்சக்கரங்களை அதே உயரமுள்ள ஒரு புத்தகத்தின்மேலும் வையுங்கள். தராசு காட்டும் எண்ணைச் சக்கர இடைவெளியால் பெருக்கி மொத்த எடையால் வகுத்தால், எடை மையம் பின் ஆணிக்கு எவ்வளவு முன்னால் இருக்கிறது என்று தெரியும். வழக்கமான கட்டையில் முன், பின் காடிகளுக்கு இடையே 4⅜ அங்குலம். தராசு 25 கிராம் காட்டினால் எடை மையம் பின் ஆணிக்கு முன்னால் முக்கால் அங்குலத்தில் இருக்கிறது. 32 கிராம் காட்டினால் ஒரு அங்குலத்தில். முதல் வண்டிக்கு ஒரு அங்குலம் பாதுகாப்பு. தளம் வழுவழுப்பானது என்று தெரிந்தால் முக்கால் வரை போகலாம். அதற்குக் கீழே நான் போவதில்லை.

எடைக்கு ஈயத்தைவிட டங்ஸ்டன் நல்லது. ஈயத்தைவிட ஏறக்குறைய ஒன்றே முக்கால் மடங்கு அடர்த்தி என்பதால் சிறிய இடத்தில் அடங்கும். ஈயம் பிள்ளைகள் கையில் புழங்கும் பொருளும் இல்லை.

முதலில் பின்சக்கரங்கள்

பலர் முன்சக்கரத்தில் தொடங்குகிறார்கள். பின்பக்கம் கோணலாக இருந்தால் முன்னால் என்ன செய்தாலும் அது ஒன்றை ஒன்று இழுக்கும் சண்டையாகவே முடியும். பின்பக்கத்தை முடித்துவிட்டுத்தான் முன்னால் வர வேண்டும்.

பின் ஆணிகள் இரண்டையும் புள்ளி 12 மணியில் இருக்கும்படி செருகுங்கள். தலை மேலே நோக்கும், சக்கரத்தின் மேல்விளிம்பு உடம்பின் பக்கம் சாய்ந்திருக்கும். இப்படிச் சாய்ந்தால் வண்டியின் எடையே சக்கரத்தை வெளியே, ஆணித் தலையை நோக்கித் தள்ளும். சக்கரம் உடம்பில் உரசாது, நடுவில் அலையவும் அலையாது, மெருகிட்ட ஆணித் தலையோடு ஒட்டி ஓடும். சக்கரத்தின் குடத்துக்கும் (நடுப்பகுதி) மரத்துக்கும் இடையில் ஒரு கிரெடிட் கார்டு நுழையும் அளவு இடம் விடுங்கள், முக்கால் மில்லிமீட்டர் போல.

இப்போது சோதனை. வண்டியை வழுவழுப்பான மேசையில் மெதுவாக முன்னால் உருட்டுங்கள், அப்புறம் பின்னால். இரண்டு திசையிலும் சக்கரம் ஆணித் தலையோடு ஒட்டியே இருந்தால் அந்தச் சக்கரம் முடிந்தது. எங்கள் வீட்டில் இந்த வேலைக்கு மகள் தரையில் குப்புறப் படுத்துக்கொள்வாள். கன்னம் தரையில் ஒட்டியிருக்க, ஒரு கண்ணை மூடிக்கொண்டு அந்த முக்கால் மில்லிமீட்டர் இடைவெளியையே பார்ப்பாள். நான் மேலிருந்து உருட்டுவேன். "வலது மட்டும் உள்ள வருதும்மா. நிறுத்து, நிறுத்து. பின்னாடி போனா வெளிய போகுது." எனக்குத் தெரியாத இடைவெளி அவளுக்குத் தெரியும்.

அவள் சொன்னதற்குப் பொருள் இதுதான். முன்னால் போகும்போது சக்கரம் உள்ளே வந்து, பின்னால் போகும்போது வெளியே போனால் அதன் மூக்கு உடம்பின் பக்கம் திரும்பியிருக்கிறது. ஆணித் தலை கொஞ்சம் முன்னால் சாய்ந்துவிட்டது. கீறலில் ஸ்க்ரூடிரைவரை வைத்து, தலை வண்டியின் பின்பக்கம் நகரும்படி கொஞ்சமாகத் திருப்புங்கள். இதற்கு நேர்மாறாக நடந்தால், அதாவது முன்னால் போகும்போது வெளியேயும் பின்னால் போகும்போது உள்ளேயும் என்றால், தலையை முன்பக்கம் திருப்புங்கள். கொஞ்சமாக என்றால் உண்மையிலேயே கொஞ்சம். கடிகாரத்தில் ஐந்து நிமிட முள் நகர்வில் பாதிகூட இருக்காது. ஒரு திருப்பு, ஒரு உருட்டு. அவசரப்பட்டால் எங்கிருந்து தொடங்கினோம் என்பதே மறந்துபோகும்.

ஆணியை வளைக்க விதி இடம் தரவில்லை என்றால், மரத்திலேயே 3 டிகிரி சாய்வாகத் துளை போட வேண்டும். அதற்கு ட்ரில் பிரஸ் வேண்டும், கையால் போட்டால் இரண்டு பக்கமும் ஒன்றுபோல் வராது. வெறும் காடியை நம்பும்போது இன்னொன்றைக் கவனியுங்கள். பெட்டியில் வரும் கட்டையின் காடிகள் உடம்புக்குச் சரியான செங்கோணத்தில் இல்லாமல் வருவது சகஜம். மூலைமட்டத்தை வைத்துப் பார்த்துவிட்டுத் தொடங்குங்கள்.

ஒரு சக்கரத்தைத் தூக்குதல்

எந்தச் சக்கரத்தைத் தூக்குவது? நான்கில் மோசமான சக்கரம் எதுவோ அதை. நான்கையும் ஆணியில் மாட்டி விரலால் சுண்டிவிட்டுப் பாருங்கள். ஒன்று மற்றவற்றைவிடச் சீக்கிரம் நிற்கும், அல்லது ஆடும். அதுதான் தூக்கப்போகும் சக்கரம். அது ஒரு முன்பக்கம் போகட்டும், எதிர்ப்பக்கம் இழுக்கும் சக்கரம்.

மரத்தில் துளை போடுகிறவர்கள் அந்த ஒரு துளையை 1/16 அங்குலம் உயர்த்திப் போட்டால் போதும். காடியோடு வேலை செய்கிறவர்களுக்கு வளைந்த ஆணியே உதவும். தூக்கும் பக்கத்து ஆணியின் புள்ளியை 12 மணியில் வையுங்கள், இழுக்கும் பக்கத்தின் புள்ளியை 6 மணியில். ஒன்று ஏற, மற்றது இறங்க, தரைக்கும் தூக்கிய சக்கரத்துக்கும் இடையே ஒரு மில்லிமீட்டர் கிடைத்துவிடும். ஒரு காகிதத்தை அடியில் விட்டு இழுத்துப் பாருங்கள், தடையின்றி வர வேண்டும்.

இழுக்கும் சக்கரத்தின் புள்ளி 6 மணியில் இருப்பதற்கு இன்னொரு காரணமும் உண்டு. தலை கீழ்நோக்கினால் சக்கரத்தின் அடிவிளிம்பு பட்டையின் பக்கம் சாயும். பட்டையைத் தொடுவது சக்கரத்தின் அடிப்பகுதி விளிம்பு மட்டும்தான். தரையைத் தொடும் இடத்துக்கு அருகே சக்கரத்தின் விளிம்பு ஓடுதளத்தை ஒப்பிட்டால் அநேகமாக அசையாமல் நிற்கிறது, மேலே போகப் போகத்தான் வேகம் கூடும். அதனால் அடியில் தொட்டால் உரசல் குறைவு.

பின்சக்கரம் பட்டையைத் தொடாமல் இருக்க ஒரு சிறு ஏற்பாடு வேண்டும். இழுக்கும் சக்கரம் இருக்கும் இடத்தில் மட்டும் உடம்பின் பக்கவாட்டை 1/16 அங்குலம் உப்புத்தாளால் தேய்த்து உள்ளே வாங்குங்கள். பெயின்ட் அடிக்கும் முன் இதைச் செய்ய மறந்தால் பிறகு மனசு வராது. அந்தச் சக்கரம் பின்சக்கரத்தைவிட உள்ளே நிற்பதால் முதலில் அதுதான் பட்டையைத் தொடும், பின்சக்கரம் விலகியே வரும்.

இழுப்பை அளந்து வைத்தல்

இதற்கு ஒரு பலகை வேண்டும். 4 அடிக்குக் குறையாத, வழுவழுப்பான, வளையாத பலகை. பழைய அலமாரிக் கதவு எங்களுக்குக் கிடைத்தது. நீளவாக்கில் நடுவே ஒரு மாஸ்கிங் டேப் ஒட்டுங்கள். ஒரு முனையை இரண்டு புத்தகத்தில் தூக்கி வைத்தால் வண்டி தானாக நிதானமாக உருளும். குறுக்குவாட்டில் பலகை மட்டமாக இருக்க வேண்டும். ரசமட்டத்தை மட்டும் நம்பாதீர்கள். ஒரு முறை உருட்டிவிட்டுப் புத்தகங்களைப் பலகையின் மறுமுனைக்கு மாற்றி, எதிர்த்திசையில் மறுபடி உருட்டுங்கள். இரண்டிலும் ஒரே அளவு விலகல் வந்தால்தான் அது வண்டியின் இழுப்பு. வேறுபட்டால் பலகையின் அல்லது தரையின் கோணல். இதைச் செய்யாமல் நாங்கள் ஒரு ஞாயிற்றுக்கிழமை முழுதையும் வீணடித்தோம், தரை ஒரு பக்கம் சரிந்திருந்தது.

இனி திருப்பலாம். ஆணித் தலை வண்டியின் முன்பக்கம் நகர்ந்தால் சக்கரத்தின் மூக்கு உள்ளே, பட்டையை நோக்கித் திரும்பும். இழுக்கும் சக்கரம் இடது பக்கம் என்றால், அதை இடப்பக்கத்திலிருந்து பார்க்கும்போது வண்டியின் மூக்கு உங்கள் இடக்கைப் பக்கம் இருக்கும். ஆகவே புள்ளியை 6 மணியிலிருந்து 7 மணியை நோக்கித் திருப்ப வேண்டும். வலது சக்கரம் என்றால் 6இலிருந்து 5 மணியை நோக்கி. இடது சக்கரம் வண்டியை வலப்பக்கம் இழுக்க வேண்டும், வலது சக்கரம் இடப்பக்கம். இதை மாற்றிச் செய்தால் வண்டி எதிர்ப்பக்கம் போய், தூக்கிய சக்கரம் பட்டையில் மோதும்.

2 டிகிரி வளைவுக்கும் 4⅜ அங்குலச் சக்கர இடைவெளிக்கும் கணக்குப் போட்டுப் பார்த்தேன். புள்ளியை அரை மணி தூரம் நகர்த்தினால் 4 அடி ஓட்டத்தில் சுமார் இரண்டரை அங்குலம் விலகும். ஒரு மணி தூரம் நகர்த்தினால் நாலரை அங்குலம். நிஜத்தில் சறுக்கல் கொஞ்சம் குறைக்கும், ஆனால் தொடங்க இது போதும். நான் 4 அடிக்கு 4 அங்குலத்தில் தொடங்கி, ஓடுதளத்தில் பார்த்து இறக்கிக்கொண்டே வருவேன்.

இங்கே பலரைக் குழப்பும் ஒரு விஷயம் இருக்கிறது. வண்டி வளைந்துகொண்டே போவதால் தூரம் இரண்டு மடங்கானால் விலகல் நான்கு மடங்காகும். 4 அடியில் 4 அங்குலம் விலகும் வண்டி 8 அடியில் 16 அங்குலம் போல விலகும். அதனால் யாராவது "என் வண்டி 3 அங்குலம் இழுக்குது" என்று சொன்னால் எத்தனை அடிக்கு என்று முதலில் கேளுங்கள்.

வண்டியை விடும் விதத்திலும் ஒழுங்கு வேண்டும். டேப்பின் ஓரத்தில் ஒரு நீள ஸ்கேலை வைத்து, பின்சக்கரங்கள் இரண்டும் அதற்கு இணையாக இருக்கும்படி வைத்து, விரலை எடுத்துவிடுங்கள். தள்ளாதீர்கள். ஒவ்வொரு அமைப்புக்கும் மூன்று முறை விட்டு, வந்து சேரும் இடத்தைப் பென்சிலால் குறியுங்கள். மூன்றும் ஒரு விரல் அகலத்துக்குள் விழ வேண்டும். சிதறினால் இழுப்பில் கை வைக்காதீர்கள். ஆணி மரத்தில் தளர்ந்திருக்கும், அல்லது ஒரு பின்சக்கரம் ஆணியில் உள்ளேயும் வெளியேயும் அலைந்துகொண்டிருக்கும். மறுபடி குப்புறப் படுக்க வேண்டியதுதான்.

ஓடுதளத்தில் தெரிவது

பலகை பாதி தூரம்தான் கொண்டுபோகும். சரிவு முடிந்து சமதளம் தொடங்கும் வளைவில் வண்டி எப்படி நடந்துகொள்கிறது என்பதை ஓடுதளம்தான் சொல்லும். போட்டிக்கு முன்தினம் பயிற்சி நேரம் தருவார்களா என்று விசாரியுங்கள். கிடைத்தால் போனை அந்த வளைவுக்கு அருகே தரைமட்டத்தில் வைத்து ஸ்லோ மோஷனில் எடுங்கள்.

படத்தில் பார்க்க வேண்டியது இழுக்கும் சக்கரம். தொடக்கத்திலிருந்து கோடு வரை பட்டையோடு ஒட்டியே வருகிறதா? வளைவில் ஒரு நொடி விலகி மறுபடி வந்து தட்டுகிறதா? விலகினால் இழுப்பு போதவில்லை, அல்லது எடை அளவுக்கு மீறிப் பின்னால் இருக்கிறது. முதலில் இழுப்பைக் கால் மணி தூரம் கூட்டிப் பாருங்கள். அப்படியும் துள்ளினால் எடையைச் சற்று முன்னால் நகர்த்துங்கள். வால் ஆடினால் பெரும்பாலும் பின்சக்கரம் ஒன்று ஆணித் தலையை விட்டு நழுவுகிறது என்று பொருள்.

காதையும் பயன்படுத்துங்கள். நன்றாக வைத்த வண்டி போகும்போது ஒரே சீரான மெல்லிய சீறல் மட்டும் கேட்கும். டக் என்று ஒரு ஒலி கேட்டால் எங்கோ பட்டையை விட்டுவிட்டுத் திரும்பி வந்திருக்கிறது. எங்கள் இரண்டாவது வண்டி முதன்முறையாக அந்தச் சீறலோடு போனபோது, நேரத்தைப் பார்க்கும் முன்பே மகள் திரும்பி என்னைப் பார்த்தாள்.

வண்டி சீராக ஓடத் தொடங்கியதும் இழுப்பை இறக்குங்கள். மின்னணு டைமர் இருந்தால் ஒவ்வொரு அமைப்பிலும் ஒரே தடத்தில் மூன்று ஓட்டம் ஓட்டிச் சராசரி எடுங்கள். 4 அங்குலத்திலிருந்து 3½, 3 என்று போனால் நேரம் மெல்லக் குறையும். ஒரு கட்டத்தில் டக் ஒலி திரும்ப வரும், அல்லது மூன்று ஓட்டங்களின் நேரமும் ஒன்றுக்கொன்று சிதறும். அப்போது ஒரு படி பின்னால் வந்து நின்றுவிடுங்கள். மரத்தாலான பழைய தளங்களில், பலகைகள் சேரும் இடத்தில் மேடுபள்ளம் இருக்கும். அங்கே இழுப்பு கூடுதலாகவே இருக்கட்டும். அலுமினியத் தளத்தில் இன்னும் கொஞ்சம் இறங்கலாம். பயிற்சி நேரமே கிடைக்காதவர்கள் 4 அங்குலத்திலேயே விட்டுவிடுங்கள். கொஞ்சம் அதிகமாக இழுக்கும் வண்டி சிறிது வேகத்தை இழக்கும், போதாமல் இழுக்கும் வண்டி முட்டி முட்டிப் போய் அதைவிட நிறைய இழக்கும்.

கிராஃபைட், பசை, போட்டி நாள்

மசகுக்கு உலர்ந்த கிராஃபைட் தூள். எண்ணெயைப் பெரும்பாலான பேக்குகள் அனுமதிப்பதில்லை, எண்ணெய் தூசியையும் பிடிக்கும். சக்கரத்தின் துளையிலும் ஆணியிலும் தூளைப் போட்டுச் சக்கரத்தைச் சுழற்றுங்கள், மறுபடி போடுங்கள், மறுபடி சுழற்றுங்கள். நாலைந்து முறை செய்தால் துளையின் உட்புறம் சாம்பல் நிறத்தில் பளபளக்கும். இழுக்கும் சக்கரத்தின் உள்விளிம்பிலும் விரலால் தேய்த்துவிடுங்கள், பட்டையில் உரசப்போவது அதுதான். கிராஃபைட் போட்டபின் பலகையில் இன்னொரு முறை இழுப்பைப் பாருங்கள். உராய்வு குறைந்ததும் விலகல் சற்று மாறியிருக்கும்.

எல்லாம் சரி என்றானதும் ஆணி திரும்பாமல் இருக்க, மரத்தில் ஆணி நுழையும் இடத்தில் அடிப்பக்கமாகக் குண்டூசி முனையால் ஒரு துளி பசை. சூப்பர் க்ளூ வேண்டாம், அது தண்டு வழியே ஊர்ந்து சக்கரம் வரை போய்விடும். கெட்டியான மரப்பசை போதும். காயும் வரை வண்டியைத் தலைகீழாக வைத்திருங்கள்.

போட்டியிடத்துக்குப் பெட்டியில் பஞ்சு வைத்து, சக்கரத்தில் எதுவும் படாமல் கொண்டுபோங்கள். பதிவு மேசையில் வண்டியைக் கொடுக்கும்போது உடம்பைப் பிடித்துக் கொடுக்கச் சொல்லுங்கள், சக்கரத்தைப் பிடித்து அல்ல. ஒருமுறை கீழே விழுந்தால் அத்தனை திருப்பலும் வீண்.

தொடக்கக் கோட்டில் வண்டியை வைக்கும் வாய்ப்பைப் பிள்ளைக்குத் தந்தால், ஒரே ஒரு விஷயம் சொல்லிக்கொடுங்கள். பலரும் வண்டியைத் தடத்தின் நட்டநடுவே வைப்பார்கள். அப்படி வைத்தால் ஓடத் தொடங்கியதும் பட்டையைத் தேடிப் போய் முதல் இடியை இடிக்கும். தொடக்கத்தில் வண்டியைத் தடுத்து நிறுத்தும் முளையில் மூக்கு படும்படி வைத்துவிட்டு, இழுக்கும் சக்கரம் பட்டையைத் தொடும் வரை முன்பக்கத்தை விரல் நுனியால் மெல்ல நகர்த்த வேண்டும். பின்பக்கம் பட்டைக்கு இரு புறமும் சமமாக இருக்கட்டும். பிறகு கையை மேலே எடுத்துவிடலாம்.

மகள் இப்போதெல்லாம் வண்டியை வைத்துவிட்டு, முழங்காலிட்டு அந்தச் சக்கரத்தை ஒரு கண்ணால் பார்ப்பாள். தொட்டிருக்கிறது என்று தெரிந்த பிறகுதான் எழுந்திருப்பாள்.